மூன்றாவது கம்பத்துத் தலையங்கம்

“ஒரு டீ ஆறுறதுக்குள்ள எழுதுனேன், நின்னுகினே. படிச்சுட்டு மூணு நடுவரும் அழுதுட்டானுங்க. ஒருத்தருக்கு குளுக்கோஸ் ஏத்த வேண்டியதாப் பூட்ச்சு!”

சுங்குவார்சத்திரம் பஸ் நிறுத்தத்தில், மாடத்தியின் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து தணிகாசலம் இப்படி அறிவித்தார். கார் கம்பெனியில் முப்பத்தோரு வருடம் ஷிஃப்ட் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒற்றைக் கையால் இன்ஜினைத் தூக்கியவர், அவரே சொன்னது. கேட்டவர்கள் சந்தோஷமாகத் தலையாட்டினார்கள்.

கன்னியப்பன் மட்டும் ஆட்டவில்லை. ‘ஒரகடம் குரல்’ வாரப் பத்திரிகையின் ஆசிரியர் அவர். சிறந்த தலையங்கத்துக்கான விருது, இருபத்திரண்டு வருடம் அனுப்பி அனுப்பி, இப்போதுதான் அவரைத் தேடி வந்திருந்தது. கேடயத்தில் பொறிக்க வேண்டிய பெயரை இன்று ஐந்து மணிக்குள் சொல்ல வேண்டும்.

“இன்னாய்யா உளர்ற? நீ அனுப்புனது வாசகர் கடிதம். அது பேப்பர்ல வரவே இல்ல.”

“கடிதப் பக்கத்துல வரல. தலையங்கத்துல வந்துச்சு.”

தலையங்கத்தில் யார் பெயரும் போடுவதில்லை. வினையே அதுதான். அந்தத் தலையங்கம் வந்த வாரம் கன்னியப்பன் டெங்குவோடு தண்டலத்தில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தார். பக்கம் வடிவமைக்கும் ரஞ்சனி போனில் கேட்டபோது, “மேசை மேல கீற பேப்பரைப் போட்டுடும்மா” என்றார். இந்த நிறுத்தத்தின் மூன்றாவது கம்பத்து விளக்கு எரியாததையும், இரவு ஷிஃப்ட் முடிந்து இறங்கும் பெண்கள் செல்போன் வெளிச்சத்தில் நடப்பதையும் பாதி எழுதிவைத்த ஞாபகம் இருந்தது. முடித்த ஞாபகம் இல்லை. வந்ததோ முழுசாக வந்தது. காய்ச்சலில் நாமே முடித்திருப்போம் என்று நினைத்துக்கொண்டார். “எழுத்து கோணலா இருந்துச்சு சார், காய்ச்சல்னு நினைச்சேன்” என்று ரஞ்சனி சொன்னது அப்போது உறுத்தவில்லை. நடுவர்கள் கடைசி வரியைத்தான் கொண்டாடியிருந்தார்கள்: ‘அடுத்த ஷிஃப்ட் கவனிக்கவும்.’ அதன் ஆழத்தை அவர் மனைவிக்கு அரைமணி நேரம் விளக்கியிருந்தார்.

“ஏ அண்ணாச்சி!” உள்ளேயிருந்து மாடத்தி தணிகாசலத்திடம் வந்தாள். “செத்த நேரம் கடையப் பாத்துக்கிடுங்கன்னுட்டுப் போனேன். சீனி தீந்தா வாயால சொல்லப்படாதா? டப்பாவுல எழுதி ஒட்டணுமாக்கும்?”

“பழக்கம்மா. பொண்ணு கல்யாணப் பத்திரிகைலயே கடைசி வரி அதுதான்.”

அவள் நீட்டிய சீட்டைக் கன்னியப்பன் வாங்கினார். கோணல் எழுத்து. ‘சர்க்கரை காலி. அடுத்த ஷிஃப்ட் கவனிக்கவும்.’

இரண்டு முறை படித்தார். போன் அடித்தது. விருதுக் குழு. பெயர் கேட்டார்கள்.

தணிகாசலத்தின் கிளாஸ் வாய்க்குப் பாதி வழியில் நின்றது. எதிரே மூன்றாவது கம்பத்தில், புதிதாக மாட்டிய விளக்கு, அணைக்க ஆளில்லாமல் பட்டப்பகலில் எரிந்துகொண்டிருந்தது. கன்னியப்பன் அதையே பார்த்துக்கொண்டு பேசினார்.

“என் பேரு வேணாம் சார். தணிகாசலம்னு போடுங்க… இல்ல, காய்ச்சல்லாம் இல்ல, இப்ப நல்லாத்தான் கீறேன். அவர்தான் எழுதுனாரு. நெசமாவே நடந்துச்சு. அந்த நடுவருக்கு குளுக்கோஸ் ஏத்துன மேட்டர் மட்டும் நெசமான்னு நீங்கதான் சொல்லணும்.”