கட்டணம் கட்டாத லோவெல்

மெஸ்கீட் ஊரைத் தாண்டியதும் லோவெல் ஹால்குவிஸ்ட் ஒத்திகையை ஆரம்பித்துவிட்டார். ஒரு கை ஸ்டியரிங்கில், மறு கை காற்றில்.

"'தம்பி, நான் பிளாட்டினம் உறுப்பினர். ரிசார்ட் கட்டணம்லாம் எனக்குக் கிடையாது. ஏன் கிடையாதுன்னு உனக்குத் தெரியலேன்னா, தெரிஞ்சவங்களக் கூப்பிடு.' எப்படி இருக்கு மார்வா? 'தெரிஞ்சவங்களக் கூப்பிடு'ங்கிறது இந்த வருஷம் புதுசு."

"நல்லா இருக்கு," என்றாள் அவர் மனைவி மார்வா. அவள் கண் சாலையிலேயே இருந்தது.

பிப்ரவரி வந்தால் போகடெல்லோவின் பனியை விட்டு லாஸ் வேகாஸுக்கு ஓடி வருவது அவர்கள் வழக்கம். தங்குவது எப்போதும் சில்வர் மெசா ஓட்டலில். அறைக்கு வாடகை கிடையாது. லோவெல் வேலையில் இருந்த காலத்தில் இதே கம்பெனியின் ஓட்டல்களில் தங்கித் தங்கிச் சேர்த்துவைத்த புள்ளிகள் இன்னும் மலையாகக் கிடக்கின்றன, அதில் கழித்துக்கொள்வார்கள். ஆனால் பாருங்கள், அந்த இலவச அறையில் தங்குவதற்கு 'ரிசார்ட் கட்டணம்' என்று ஒரு கட்டணம்! நீச்சல் குளத்துக்காம், உடற்பயிற்சிக் கூடத்துக்காம், இரண்டு பாட்டில் தண்ணீருக்காம், அறையிலிருந்து உள்ளூருக்குத் தொலைபேசியில் பேசுவதற்காம். கைபேசி இல்லாமல் இந்தக் காலத்தில் எவன் ஓட்டலுக்கு வருகிறான்? கேட்டால் பதில் கிடையாது. குளத்தில் கால் நனைத்தாலும் கட்ட வேண்டும், நனைக்காவிட்டாலும் கட்ட வேண்டும். வருஷத்தில் நிறைய இரவுகள் வந்து தங்கும் பிளாட்டினம் உறுப்பினர்களுக்கு மட்டும் இந்தத் தண்டம் இல்லை.

லோவெல் ஒரு காலத்தில் அசல் பிளாட்டினம்தான். மூன்று மாநிலங்களில் பண்ணை பண்ணையாக ஏறி இறங்கி, பால் கறக்கும் இயந்திரம் விற்றவர். வீட்டுக் கட்டிலைவிட ஓட்டல் கட்டிலில் அதிகம் தூங்கியவர். அப்புறம் கம்பெனி கைமாறியது. புதிதாக வந்தவர்கள் ஒரு கேக்கை வெட்டிக் கையில் கொடுத்து, வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டார்கள். ஓட்டல் இரவுகள் நின்றன. அடுத்த வருஷமே பிளாட்டினமும் போயிற்று.

அது போன செய்தி மார்வாவின் கைபேசிக்குத்தான் வந்தது. லோவெல் ஓட்டலின் செயலிப் பக்கமே போக மாட்டார். அந்தக் குளிர்காலத்தில் அவர் கராஜில் நிற்கும் வண்டிக்குள் போய் உட்கார்ந்துகொண்டு, எங்கும் போகாமல், ரேடியோ கேட்டுக்கொண்டிருந்தார். சாப்பிடக் கூப்பிட்டால் "வரேன்" என்பார், வர மாட்டார். அப்படி இருந்த மனுஷனிடம் போய், "உன் பிளாட்டினமும் போச்சு" என்று எந்த வாயால் சொல்வது? மார்வா அந்தச் செய்தியை அழித்தாள். அழித்துவிட்டு ஓட்டலுக்கு போன் போட்டாள்.

எடுத்தவள் ஒஃபீலியா புஸ்டமான்டே, வரவேற்பு மேசைக்காரி. மார்வா தட்டுத்தடுமாறி விஷயத்தைச் சொன்னாள். "கட்டணத்த என் கார்டுல நான் இப்பவே கட்டிடறேம்மா. அவர் வந்து கத்துவாரு. நீ மட்டும் கொஞ்சம்... அவர் ஜெயிச்ச மாதிரி..."

ஒஃபீலியா சிரித்த சிரிப்பு இன்னும் மார்வாவின் காதில் இருக்கிறது. "கவலைய விடு கண்ணு. ஒரு மனுஷனப் பெரிய மனுஷனா நடத்துறதுக்கு எங்க ஓட்டல்ல இன்னும் தனிக் கட்டணம் போடல."

அன்று பிடித்த பழக்கம் வருஷா வருஷம் நடந்தது. லோவெல் மேசையில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு வாதாடுவார். ஒஃபீலியா கணினியைப் பார்ப்பாள், புருவத்தைச் சுருக்குவாள், பெருமூச்சு விடுவாள். "மன்னிச்சிடுங்க மிஸ்டர் ஹால்குவிஸ்ட், எங்க தப்புதான். எடுத்துட்டேன்." அப்புறம் அவர் லிஃப்டை நோக்கி நடக்கிற நடையைப் பார்க்க வேண்டுமே! மறுநாள் காலை மேல்மாடியில் பிளாட்டினம் ஆட்களுக்கென்று இருக்கும் ஓய்வறைக்குப் போய், இரண்டு கோப்பை காப்பி எடுத்து வருவார். "இந்தா, பிளாட்டினம் காப்பி" என்று நீட்டுவார். அதையும் ஒஃபீலியாதான் ஏற்பாடு பண்ணியிருப்பாள் என்று மார்வா நினைத்துக்கொண்டாள். வாங்கிக் குடித்தாள், கேட்கவில்லை.

இந்த வருஷம் அந்த ஒஃபீலியா இல்லை. ஓய்வு பெற்று, லாஸ் வேகாஸை ஒட்டிய ஹெண்டர்சனில் மகளோடு இருப்பதாகக் கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டையில் எழுதியிருந்தாள். மார்வா ஓட்டலுக்குப் போன் பண்ணினால் எங்கோ உட்கார்ந்திருக்கும் ஒரு குரல் எடுத்தது. "கட்டணம் நீங்கள் வந்து சேரும்போது வசூலிக்கப்படும்." மறுபடி கூப்பிட்டாள். வேறு குரல், அதே வசனம். கெஞ்சிப் பார்த்தாள். என்ன கேட்கிறாள் என்றே அந்தக் குரலுக்குப் புரியவில்லை.

லோவெல் வண்டியை நிறுத்தி, பெட்டியை இழுத்துக்கொண்டு, கோட்டை நீவிவிட்டு உள்ளே நுழைந்தார். நுழைந்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

மேசையையே காணோம். அது இருந்த இடத்தில் ஆளுயர இயந்திரங்கள் வரிசையாக நின்றன. சனங்கள் ஒவ்வொன்றின் முன்னும் தலையைக் குனிந்துகொண்டு விரலால் குத்திக்கொண்டிருந்தார்கள். சத்தமே இல்லை. ஓரத்தில் நீல அரைக்கோட்டு போட்ட ஒரே ஒரு ஆள்.

மார்வா இதை எதிர்பார்க்கவில்லை. ஒஃபீலியா இல்லாவிட்டாலும் வேறு ஒரு மனுஷி இருப்பாள், கண்ணைக் காட்டி, கையைப் பிசைந்து எப்படியாவது சமாளித்துவிடலாம் என்று நினைத்திருந்தாள். இயந்திரத்துக்கு எப்படிக் கண்ணைக் காட்டுவது?

"லோவெல், நீ போய் ஒரு காப்பி குடி. கால் வலிக்குதுன்னியே. நான் பாத்துக்கறேன்."

"எனக்கு எங்க கால் வலிக்குது?"

"வண்டிய சரியாப் பூட்டுனியா?"

"மார்வா, வருஷத்துக்கு எனக்குன்னு இருக்கிறது இந்த ஒரு சண்டை. அதையும் நீ புடுங்கிக்காத."

நீலக்கோட்டு ஆள் வந்தார். சட்டையில் கெல்வின் என்ற பெயர் அட்டை. "வாங்க சார், வாங்கம்மா. லைசென்ஸ அந்தக் கண்ணாடி மேல வைங்க, மத்ததெல்லாம் அதுவே கேட்கும்."

"சண்டை போடணும்னா யார்கிட்ட போடறது?" என்று கேட்டார் லோவெல்.

கெல்வின் யோசித்தார். "இதுகிட்டதான் சார். ஆனா திருப்பிப் பேசாது."

லோவெல் லைசென்ஸை வைத்தார். திரை விழித்துக்கொண்டது. வருக லோவெல், என்றது. கீழே 'உறுப்பினர்' என்று ஒரே வார்த்தை. பிளாட்டினத்தைக் காணவில்லை. அதற்கும் கீழே ரிசார்ட் கட்டணம், தொகையோடு, கண்ணாடி போடாதவனுக்கும் தெரிகிற எழுத்தில். 'ஏற்கிறேன்' என்று ஒரு பொத்தான். 'உதவி வேண்டும்' என்று ஒரு பொத்தான்.

மார்வா மயங்கி விழலாமா என்று யோசித்தாள். நிஜமாகவே யோசித்தாள். கீழே கம்பளம் சுத்தமாகத்தான் இருந்தது. இத்தனை வருஷம் பொத்திப் பொத்தி வைத்தது, இப்படி நடுக்கூடத்தில், கெல்வின் என்கிற யாரோ ஒருவர் முன்னால் உடைய வேண்டுமா? இனி இந்த மனுஷன் திரும்பப் போய்க் கராஜில் உட்கார்ந்துகொண்டால் என்ன செய்வேன்? கடவுளே, கரண்ட்டாவது போகக்கூடாதா!

கரண்ட் போகவில்லை. லோவெல் திரையைப் பார்த்தார். பிறகு திரும்பி மார்வாவின் முகத்தைப் பார்த்தார். பார்த்துவிட்டு, விரலை நீட்டி, 'ஏற்கிறேன்' என்பதை அழுத்தினார். தன் கார்டைச் செருகினார். இயந்திரம் இரண்டு அறைச் சாவிகளைத் துப்பியது.

"வா போலாம்," என்றார்.

லிஃப்டின் கதவு மூடியதும் மார்வா வாயைத் திறந்தாள்.

"லோவெல்..."

"எனக்குத் தெரியும்."

"என்ன தெரியும்?"

"எல்லாந்தான். நீ முன்கூட்டியே போன் போடறது, காசு கட்டறது, அந்தப் பொம்பள பெருமூச்சு விடறது. வேலை போனதுக்கு அப்புறம் மொதத்தடவ வந்தோமே, அப்பவே தெரியும்."

மார்வா லிஃப்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். "யார் சொன்னா? ஒஃபீலியாவா?"

"அவ வாயத் தொறக்கல பாவம். மறுநாள் காலைல நீ தூங்கிட்டிருந்த. மேல ஓய்வறைக்குப் போனேன். கதவுல சாவிய வச்சா சிவப்பு விளக்கு. திருப்பி வச்சேன், சிவப்பு. உள்ளேர்ந்து ஒருத்தன் வந்து, 'வாங்க சார்'னு கதவப் பிடிச்சுக்கிட்டு நின்னான். எனக்கு உள்ள போகக் காலு வரல. பிளாட்டினம் இல்லாதவனுக்குக் கட்டணத்த எதுக்கு எடுத்தாங்கன்னு யோசிச்சேன், உன் வேலைன்னு புரிஞ்சிது."

"அப்ப அந்தக் காப்பி?"

"கீழ கடைல வாங்குனது."

"வருஷா வருஷமா?"

"வருஷா வருஷந்தான். சுடாம இருக்கக் கோப்பையச் சுத்திக் கடை பேர் போட்ட அட்டை ஒண்ணு இருக்கும், அதை உருவி எறிஞ்சிட்டுக் கொண்டு வருவேன்."

"அடப்பாவி! பிளாட்டினம் காப்பி, பிளாட்டினம் காப்பின்னு நான் அதைச் சொட்டு விடாம குடிச்சேனே. கழுநீர் மாதிரி இருக்கும்!"

"எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு. நீ ஆசையாக் குடிச்ச, நான் என்ன சொல்றது?"

லிஃப்ட் நின்றது. கதவு திறந்தது. இருவரும் இறங்கவில்லை. கதவு மறுபடி மூடிக்கொண்டது.

"ஏன் சொல்லல?" என்றாள் மார்வா. அவளுக்குக் கோபமும் வந்தது, கண்ணீரும் வந்தது. "ஒவ்வொரு பிப்ரவரியும் நான் செத்துப் பொழச்சேனே. அப்புறம் எதுக்கு வண்டில அந்த ஒத்திகை?"

"அது நீ இந்த வருஷம் ஏதாவது ஏற்பாடு பண்ணியிருக்கியான்னு பாக்க. நான் பேசப் பேச உன் மூஞ்சி வெளுத்துப்போச்சு. சரி, இந்தத் தடவ ஆள் கிடைக்கலைன்னு புரிஞ்சிது." லோவெல் சாவி அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "முதல் வருஷம் வெக்கமா இருந்துச்சு மார்வா. ரொம்ப. என்னால சொல்ல முடியல. அப்புறம் என்னன்னா... பிடிச்சிருந்துச்சு. நான் கத்துறதும், அவ மன்னிப்புக் கேக்குறதும். வீட்ல என்னை யாரு மிஸ்டர் ஹால்குவிஸ்ட்டுங்கிறா? சொல்லிட்டா அதுவும் போயிடும். அதான் கமுக்கமா இருந்துட்டேன்."

"நீ பழையபடி கராஜுக்குப் போயிடுவியோன்னு பயந்தேன்."

"கராஜ்ல இப்ப எங்க இடம் இருக்கு? நீதான் தட்டுமுட்டுச் சாமானெல்லாம் போட்டு ரொப்பிட்டியே."

மார்வா சிரித்துவிட்டாள். அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்து, மூக்கைச் சிந்த வேண்டியதாயிற்று. தலையிலிருந்து பெரிய சுமை இறங்கிவிட்டது. இனி ஜனவரி மாதம் யாருக்கும் போன் போட வேண்டாம், யாரிடமும் கெஞ்ச வேண்டாம். அடுத்த பிப்ரவரியில் நிம்மதியாக வரலாம். லிஃப்ட் யாரோ கூப்பிட்டுக் கீழே போய்விட்டிருந்தது. கதவு திறந்தபோது வெளியே கெல்வின் நின்றுகொண்டிருந்தார்.

"அறை பிடிக்கலையா சார்?"

"இன்னும் பாக்கவே இல்லப்பா," என்றார் லோவெல்.

ஒருவழியாக அறைக்குப் போய்ச் சேர்ந்ததும் லோவெல் முதல் வேலையாக அந்த இரண்டு பாட்டில் தண்ணீரையும் திறந்தார். "கட்டியாச்சு. ஒரு சொட்டு விடப்போறதில்ல. சாயங்காலம் குளத்துல விழறோம்."

"எனக்கு நீச்சல் தெரியாது."

"நின்னுக்கோ. நிக்கறதுக்கும் சேத்துதான் வாங்கியிருக்கான்." கட்டில் பக்கத்தில் இருந்த தொலைபேசி அவர் கண்ணில் பட்டது. "உள்ளூருக்குப் பேசினா காசு இல்லையே. இந்த ஊர்ல நமக்கு யாரத் தெரியும்?"

மார்வா தன் கைபேசியில் தேடி எண்ணைச் சொன்னாள். லோவெல் ஒவ்வொரு எண்ணாக அழுத்தினார். எதிர்முனையில் மணி அடித்தது. மார்வா ரிசீவர் பக்கத்தில் காதை வைத்துக்கொண்டாள்.

"ஹலோ?"

லோவெல் தொண்டையைச் செருமினார். "ரிசார்ட் கட்டணம்லாம் எனக்குக் கிடையாது," என்றார் தன் பழைய குரலில். "ஏன் கிடையாதுன்னு தெரியலேன்னா, தெரிஞ்சவங்களக் கூப்பிடு."

 எதிர்முனையிலிருந்து அந்தப் பெருமூச்சு வந்தது, அதே பெருமூச்சு.

"சில்வர் மெசாவுக்கு மறுபடியும் வந்ததுல சந்தோஷம் மிஸ்டர் ஹால்குவிஸ்ட்," என்றாள் ஒஃபீலியா. பின்னால் அவள் வீட்டில் ஏதோ குழந்தை கத்திக்கொண்டிருந்தது. "மன்னிச்சிடுங்க, எங்க தப்புதான். இதோ எடுத்துடறேன்."

 லோவெலின் கண் கலங்கியதை மார்வா பார்த்தாள்.

"வேண்டாம் ஒஃபீலியா," என்றார். "இந்தத் தடவ நான் கட்டிட்டேன்."

"ஐயோ, தெரிஞ்சிபோச்சா? மார்வா எங்க? அவ நல்லா இருக்காளா?"

"நல்லா இருக்கேன்," என்று மார்வா ரிசீவருக்குள் கத்தினாள். "ரொம்ப நல்லா இருக்கேன்!"

மூவரும் வெகுநேரம் பேசினார்கள். ஞாயிற்றுக்கிழமை ஹெண்டர்சனுக்கு மதியச் சாப்பாட்டுக்கு வருவதாக லோவெல் ஒத்துக்கொண்டார். போனை வைத்த பிறகு செருப்பைக் கழற்றிவிட்டுக் கட்டிலில் சாய்ந்தார்.

"நாளைக்குக் காலைல காப்பி கொண்டு வரட்டுமா?"

"எங்கேர்ந்து?" என்றாள் மார்வா.

"கீழ கடைலேர்ந்துதான்."

"அட்டைய உருவாதே. சூடு தாங்காம வருஷா வருஷம் எனக்கு விரல் வெந்துபோச்சு."