மனுதாரர் பெயர்

1.
இந்தக் கதை குற்ற உணர்ச்சியில் பிறந்தது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு நீங்களாகக் கண்டுபிடித்துச் சொன்னால் எனக்குக் கோபம் வரும்.

1996இல் அடையாறில் ஒரு தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தேன். தெற்கே ஓர் ஊரில் நிலக்கரிச் சுரங்கத்தின் கழிவு ஓடையில் கலந்து, வயல்கள் கருத்துப்போயிருந்தன. அடுத்து, சுரங்கத்தை விரிவாக்க ஓடையையே மூட அனுமதி கொடுத்தார்கள். அந்த ஊர் சகினாவை வழக்குப் போடச் சொன்னதே நான்தான். இடைக்காலத் தடையும் கிடைத்தது.

2.
முதல் வரி: "ஓடை அழுதது." (அடித்துவிட்டேன். ஓடை அழவில்லை, நாறியது.)

அடுத்த முயற்சி: "சகினா எதற்கும் அஞ்சாத..." (இதுவும் வேண்டாம். பயந்துகொண்டேதான் கையெழுத்துப் போட்டாள்.)

3.
நடந்தபடியே எழுதிப் பார்க்கிறேன். மயிலாப்பூரில் வக்கீல் அனந்தராமனின் அறை. சகினா உட்காரவே இல்லை.

"மகனுக்குச் சுரங்கத்துல வேலை தர்றாங்களாம் சார். கேஸை வாபஸ் வாங்கணுமாம். வாங்கிருங்க."

"நீங்க விலகினேள்னா தடையும் போயிடும்மா. ஓடைய மூடிடுவா. ஊருக்கே தண்ணி இல்லாமப் போயிடும்."

"தெரியும் சார். வயலு போச்சு. அவன் வேலைக்குப் போனாத்தான் அடுப்பு எரியும்."

(முந்தைய வரைவில் இங்கே அவளை அழவைத்தேன். உண்மையில் அவள் என்னைப் பார்த்தாள், அவ்வளவுதான்.)

அனந்தராமன் என் பக்கம் திரும்பினார். "பொதுநல வழக்கு யார் வேணா போடலாம். தண்ணியப் பரிசோதிச்சவ நீ. நீ போடறியா?"

டைப்பிஸ்ட் இனாயத் மெஷினில் காகிதம் ஏற்றிவிட்டார். "பேரு இன்னாம்மா போடறது?"

4.
வீட்டில் எனக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கோர்ட்டு வழக்கில் பெண்ணின் பெயர் பேப்பரில் வந்தால்... (இந்த வாக்கியத்தை இத்தனை வருடங்களாக முடிக்க முடியவில்லை.)

சகினா பெற்ற மகனுக்காக விலகினாள். நான், முகம்கூடப் பார்க்காத எவனோ ஒருவனுக்காக. எழுதும்போதே வெட்கமாக இருக்கிறது.

5.
முடிவு ஒன்று: நான் பெயரைச் சொல்கிறேன், ஓடை பிழைக்கிறது. பொய்.

முடிவு இரண்டு: வழக்காடித் தோற்கிறோம். அதுவும் பொய். தோற்பதற்கு வழக்கே இல்லை.

இனி என்னால் ஆகாது, முடிவை நீங்கள்தான் எழுத வேண்டும். இனாயத் எல்லாவற்றையும் டைப் அடித்துவிட்டார்: ஊர், ஓடை, சுரங்கம், தேதி. ஒரே ஓர் இடம்தான் காலி. நாளைக் காலை பத்தரைக்குக் கோர்ட்டு. யோசித்துச் சொல்கிறேன் என்று மட்டும் சொல்லாதீர்கள். நான் அதைத்தான் சொன்னேன்.

மனுதாரர்: ....................