மூன்று மணிக்கு நிறம் மாறும் சேலை

“ஏம்மா ஜெபிதா, உன் கம்ப்யூட்டர் வெயிலு பொய் சொல்லுது. கிளம்பி வா.”

போனில் அவ்வளவுதான். சங்கரசுப்பு அண்ணாச்சி வைத்துவிட்டார்.

பாதித் தோசையோடு எழுந்த ஜெபிதா, லேப்டாப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பாளையங்கோட்டை வீட்டிலிருந்து ஓடி, சங்கரன்கோவில் பஸ்ஸில் தொற்றிக்கொண்டாள். ஜன்னல் ஓரத்து ஆடிக் காற்று முடியைப் பிய்த்தது. அவள் மனசுக்குள்ளும் அதே காற்றுதான்.

பின்னே? அவள் ஆர்க்கிடெக்ட் என்று சொந்தமாகப் பெயர்ப்பலகை மாட்டிக் கட்டிக்கொடுத்த முதல் கட்டிடம் அந்த ஜவுளிக் கடை. ஆடித்தபசுத் திருவிழாவுக்கு முந்தின வாரம்தான் திறப்பு விழா நடந்தது.

அண்ணாச்சி கேட்டது ஒன்றே ஒன்று. “என் பழைய கடையில எந்தப் பொம்பளையும் சேலையை உள்ள வச்சி எடுக்கமாட்டா. ‘வெளிய வெளிச்சத்துல பாத்துட்டு வாரேன்’னு ரோட்டுக்குத் தூக்கிட்டுப் போயிருவா. போன தபசுக் கூட்டத்துல அப்படிப் போன ரெண்டு பட்டு திரும்பியே வரல. வெளி வெளிச்சத்தை என் கடைக்குள்ள கொண்டாந்து போடு. ஒரு சேலை வாசலைத் தாண்டக் கூடாது.”

ஜெபிதா கொண்டுவந்து போட்டாள். செங்கல் வாங்குவதற்கு முன்பே அந்தக் கடையை லேப்டாப்புக்குள் கட்டி முடித்திருந்தாள். சுவர், தரை, கண்ணாடி, சேலை விரிக்கும் மேசை, தெருவின் அகலம், எதிர்வீடு என்று ஒன்றையும் விடவில்லை. சங்கரன்கோவிலுக்கென்று தனியாக வானிலைக் கோப்பு கிடைக்காததால் பக்கத்து ஊருடையதை எடுத்து, வருஷம் முழுக்கச் சூரியனை அந்த மாடல் மேல் ஓட்டிப் பார்த்தாள். கிழக்கு பார்த்த கடை. காலை வெயில் நேராக உள்ளே வந்து பட்டை வெளுக்கச் செய்யாதபடி முகப்பில் வெள்ளைப் பலகைகளைச் சாய்த்து வைத்தாள். மத்தியானத்துக்கு மேல் சூரியன் கடைக்குப் பின்னால் போய்விடுமே? அதற்கும் வழி இருந்தது. எதிர்வீட்டின் உயரமான சுவரில் சாயங்கால வெயில் அடிக்கும். அங்கே பட்டுத் திரும்பும் வெளிச்சத்தைப் பலகைகள் வாங்கி உள்ளே தள்ளும். தெருவில் செலவில்லாமல் இன்னொரு சூரியன்!

அண்ணாச்சி அதை ஊரெல்லாம் சொல்லிக் குளிர்ந்தார். “கம்ப்யூட்டர்ல வெயில் போட்டுப் பாத்துக் கட்டுன கடைவே நம்ம கடை!”

அந்த வெயில்தான் இப்போது பொய் சொல்கிறதாம்.

* * *

தெருவில் திரும்பியதும் எதிர்வீட்டு வாசலில் பந்தல்கால் தெரிந்தது. புதுப் பெயின்ட் மணம் மூக்கில் ஏறியது. ஆவணிக் கல்யாண வீடு போல என்று நினைத்துக்கொண்டே அவசரமாகக் கடைக்குள் நுழைந்தவளை, ஒரு குரல் வாசலிலேயே பிடித்துக்கொண்டது.

“இவதானா அந்த வெயில்காரி?”

கோமதியம்மாள். எதிர்வீட்டுக்காரி, பெண்ணின் தாய். நடு நாற்காலியில் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் கல்யாணப் பெண் கனகலட்சுமி. எதிரே மேசையில் ஒரு பட்டுச் சேலை. அதற்கும் பின்னால், தூக்கிலிருந்து இறங்கி வந்தவன் முகத்தோடு விற்பனையாளன் தங்கப்பழம்.

“நேத்து சாயந்திரம் இதே மேசையில பாத்தோம். என் மக பிஸ்தா கலர் முகூர்த்தப் பட்டுதான் வேணும்னு ஒத்தக்கால்ல நின்னா. பிஸ்தாவைத்தான் எடுத்தோம். ‘வெளிய கொண்டு போய்ப் பாத்துட்டு வாரேன்’னேன். இந்தத் தங்கப்பழம் என்ன சொன்னான் தெரியுமா? ‘ஆச்சரியமான கடைம்மா இது, வெளிய போகவே வேண்டாம்’னான். நம்பினேன். ராத்திரி பெட்டியில வச்சேன். காலையில வாசல் முத்தத்துல பிரிச்சா சந்தனம்! சேலையை மாத்திட்டான்!”

“அம்மா, எங்க சங்கரநாராயணர் சத்தியமா மாத்தலம்மா!” தங்கப்பழத்துக்குக் குரல் கீச்சென்று வந்தது. “பில்லு ஒட்டுன அதே சேலைதான்.”

“அப்போ என் கண்ணு குருடா? ஏட்டி கனகு, நீ சொல்லு.”

“பிஸ்தாதாம்மா,” என்றாள் கனகலட்சுமி. அழுகையைப் பல்லுக்கு நடுவில் கடித்துப் பிடித்திருந்தாள்.

அண்ணாச்சி ஜெபிதாவைத் தனியே இழுத்தார். “இவ ஒருத்தி மட்டும்னா நான் சமாளிச்சிருவேன் மக்கா. ஒரு வாரமா இதே பேச்சு. ‘கடையில ஒரு கலரு, வீட்டுல ஒரு கலரு’ங்கா. நேத்து ஒருத்தி அரக்கு எடுத்துட்டுப் போயி, ‘நான் காபிப் பொடி கலரை எடுத்தேன், எனக்கு எதுக்குவே அரக்கு’ன்னு சண்டைக்கு வாரா. முப்பது வருஷத்துல என்னை யாரும் ஏமாத்துக்காரன்னு சொன்னதில்ல.” கொஞ்சம் நிறுத்தினார். “அலுமினிய ஏசிபி ஷீட்டுக்காரனை வரச் சொல்லிட்டேன். முகப்பு பூரா ஷீட்டு அடிச்சி அடைச்சிட்டு எல்ஈடி போட்டுக்கிடுதேன். நீ வருத்தப்படாத.”

ஷீட் அடித்தால் அந்தக் கட்டிடம் மற்ற எல்லாக் கட்டிடங்களையும் போல ஒரு தகரப்பெட்டி. அதற்கப்புறம் ஜெபிதா வரையும் எந்த ஜன்னலையும் இந்த ஊர்ப்பக்கம் யாரும் நம்பமாட்டார்கள்.

“சாயந்திரம் வரைக்கும் டைம் குடுங்க அண்ணாச்சி.”

“அளக்க வாரவனை அளக்காதன்னா சொல்லுவேன்? அளந்துக்கிடட்டும். சாயந்திரம் வரைக்கும் ஆணி அடிக்கல, போ.”

* * *

லக்ஸ் மீட்டரை எடுத்தாள். மேசையில் வைத்தாள். மூலையில் வைத்தாள். கோமதியம்மாளின் மடிக்குப் பக்கத்தில்கூட வைத்தாள்.

“என்ன பிள்ளே, எனக்குப் பிரஷர் பாக்கியா?”

“வெளிச்சத்துக்குப் பாக்கேன்மா.”

எண்கள் மாடல் சொன்னதோடு அப்படியே ஒத்துப்போயின. சேலையும் சமர்த்தாகச் சந்தனமாகவே கிடந்தது. ஒரு தப்பும் இல்லை. தப்பே இல்லாததுதான் அவளைப் பயமுறுத்தியது. மீட்டர் சரி, மாடல் சரி, சேலையும் சரி என்றால் பொய் சொல்வது யார்?

மத்தியானமும் ஆயிற்று. கோமதியம்மாள் நாற்காலியை விடவில்லை. பதில் தெரியாமல் நகரமாட்டாளாம். அண்ணாச்சி வாங்கிக்கொடுத்த கலர் சோடாவைக் குடித்தாள். பரோட்டா வரவழைத்துச் சாப்பிட்டாள். ‘காசு நான்தான் தருவேன்’ என்று அதற்கும் ஒரு சண்டை போட்டாள். ஏசிபி ஷீட்டுக்காரன் ஏணி போட்டு, டேப்பை நீட்டி, முகப்பை அளந்துகொண்டிருந்தான். அந்த டேப் சுருங்கும் ‘சர்ர்’ சத்தம் ஒவ்வொன்றும் ஜெபிதாவின் முதுகில் கீறியது.

மூன்று மணி வாக்கில் தலைவலி தாங்காமல் முக்குக் கடைக்குப் போய் நின்று ஒரு டீ குடித்தாள். திரும்பி வந்து கதவைத் தள்ளியவள், அப்படியே நின்றாள்.

மேசைமேல் பிஸ்தா நிறத்தில் ஒரு சேலை கிடந்தது.

“தங்கப்பழம்... சேலையை மாத்துனீங்களா?”

“ஐயோ, நீங்களுமா?”

யாரும் அதைத் தொடவில்லை. கோமதியம்மாள் அதன் எதிரேயே உட்கார்ந்திருக்கிறாள். கனகலட்சுமியின் கை அதன் மேலேயே இருக்கிறது. அவர்கள் கண் முன்னாலேயே அது மாறியிருக்கிறது. ஒருவருக்கும் தெரியவில்லை!

உள்ளேயே இருந்தவர்களுக்குக் கண் மெல்ல மெல்லப் பழகிப்போயிருக்கிறது. வெளியே போய்விட்டு வந்த கண்ணுக்குத்தான் தெரிகிறது. அப்படியானால் மாறியது சேலை இல்லை.

கைக்குட்டையை உருவினாள். நேற்றுத் துவைத்த வெள்ளைக் கைக்குட்டை. கடையின் கடைசிச் சுவரோரம் டியூப் லைட்டுக்குக் கீழே நீட்டினாள். வெள்ளை. நாலடி முன்னால் வந்தாள். லேசாக ஒரு சாயல். மேசைக்கு வந்தாள். பிஸ்தா. வாசல் பலகைகளுக்கு நேராக நீட்டினாள். கைக்குட்டை வெண்டைக்காய்ப் பிஞ்சு நிறத்தில் இருந்தது.

நிமிர்ந்து பார்த்தாள்.

தெருவுக்கு அந்தப் பக்கம், சாயங்கால வெயிலை முழுசாக வாங்கிக்கொண்டு, காலையில் நிழலில் கிடந்ததால் அவள் கவனிக்காமல் விட்ட எதிர்வீடு எரிந்துகொண்டிருந்தது. அடியிலிருந்து மொட்டைமாடி வரைக்கும் கிளிப்பச்சை!

“ஆண்டவரே!” என்றாள் ஜெபிதா. பிறகு, அழவேண்டிய நேரத்தில், வாய்விட்டுச் சிரித்தாள்.

* * *

“என் சுவரா? என் சுவரா என் சேலையை மாத்துச்சு?” கோமதியம்மாள் எழுந்தேவிட்டாள்.

“இங்கன பாருங்கம்மா.” லேப்டாப் திறந்தது. “ஒரு சுவரு எவ்வளவு வெளிச்சத்தைத் திருப்பித் தரும்னு சிவப்பு, பச்சை, நீலம்னு மூணு எண்ணுல சொல்லணும். நான் மாடல் போடும்போது உங்க வீடு வெள்ளை. அதனால மூணையும் ஒண்ணாப் போட்டேன். பெயின்ட் மாறும்னு யோசிக்கவே இல்ல. தப்பு என்மேலதான். இந்த மீட்டருக்கும் கலர் தெரியாது, வெளிச்சம் எவ்வளவுன்னு மட்டுந்தான் சொல்லும். இப்போ உங்க சுவருக்குக் கிளிப்பச்சை கொடுக்கேன்.”

எண்களை மாற்றினாள். மாடலுக்குள் இருக்கும் மேசையில் சந்தனச் சதுரம் ஒன்றை விரித்தாள். மணியை நாலாக வைத்து ஓடவிட்டாள். படம் புள்ளி புள்ளியாகத் தெளிந்தது. நாலு தலைகள் லேப்டாப்பின் மேல் கவிழ்ந்தன.

சந்தனச் சதுரம் பிஸ்தாவாகிக் கிடந்தது.

“யாத்தீ!” என்றாள் கனகலட்சுமி.

“நான் மாத்தல!” தங்கப்பழம் துள்ளிக் குதித்தான். “பாத்தீகளா, நான் மாத்தல!”

கோமதியம்மாள் நேராக வாசலுக்குப் போனாள். அந்த நேரம் பார்த்து, குருவிகுளத்தில் உரக்கடையைச் சாத்திவிட்டு, அவள் வீட்டுக்காரர் மூக்காண்டி வெள்ளைச் சட்டையில் பைக்கிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தார்.

“இந்தாங்க, இங்கன வாங்க! ‘கிளிப்பச்சை வேண்டாம், கிளிப்பச்சை வேண்டாம்’னு தலைப்பாடா அடிச்சேம்லா?”

விஷயத்தைக் கேட்ட மூக்காண்டி மீசையைத் தடவினார். “வே அண்ணாச்சி, என் வீடு, என் சுவரு. உம்ம கடைக்கு வெளிச்சம் அனுப்புத வேலையை நான் எப்பவே ஏத்துக்கிட்டேன்?”

அவர் சொன்னது நூற்றுக்கு நூறு நியாயம். அண்ணாச்சி மெதுவாகத் திரும்பி ஏணிக்காரனைப் பார்த்தார். ஏணிக்காரன் டேப்பைச் சுருட்டினான். சர்ர்.

ஜெபிதாவின் மூளை பறந்தது. சுவர், வெயில், வெள்ளைச் சட்டை...

“அண்ணாச்சி,” என்றாள் மூக்காண்டியைப் பார்த்து, “கல்யாணத்தன்னிக்குப் போட்டோ எங்கன எடுப்பீக?”

“எங்கனயா? பெயின்ட் அடிச்சது எதுக்கு? எங்க வீட்டு முன்னாலதான். சாயந்திரம் மாப்பிள்ளை வீட்டுக்காரங்க எல்லாரும் அந்தப் பந்தலுக்கு முன்ன வரிசையா நிப்பாங்க.”

“ஒரு நிமிஷம் அந்த இடத்துல போய் நில்லுங்களேன். சுவரைப் பாத்து, ஒட்டி நில்லுங்க. முகத்தை மட்டும் லேசா இங்கிட்டுத் திருப்புங்க.”

‘போட்டோ’ என்ற சொல்லுக்கு மூக்காண்டி மயங்காமல் இருந்ததில்லை. போய் நின்றார். நெஞ்சை நிமிர்த்தினார். ஜெபிதா போனில் ஒரு படம் எடுத்தாள். கொண்டுவந்து கோமதியம்மாள் கையில் கொடுத்தாள்.

படத்தில் மூக்காண்டியின் சட்டை பச்சை. நரை பச்சை. கன்னம், மூக்கு, பல் எல்லாம் பச்சை. மீசை மட்டும் கறுப்பு.

முதலில் கனகலட்சுமிதான் வெடித்தாள். காலையிலிருந்து பல்லுக்கிடையில் வைத்திருந்த அழுகை முழுக்கச் சிரிப்பாக வந்தது. “அப்பா... மிளகாய்ப் பழம் மட்டுந்தாம்பா கையில குறையுது!”

“மாப்பிள்ளையும் இப்படித்தான் தெரிவாகளா?” கோமதியம்மாளின் குரல் தணிந்திருந்தது; அதுதான் அபாயம். “சம்பந்தியம்மாளும்? ஆல்பத்துல காலத்துக்கும்?”

மூக்காண்டி படத்தை வாங்கிப் பார்த்தார். தூரத்தில் வைத்துப் பார்த்தார். “பெயின்ட் கடையில அட்டையில பாத்தப்ப இவ்வளவு பச்சை இல்லட்டி.”

“அட்டையை வெளிய கொண்டாந்து வெளிச்சத்துல பாத்தீகளா?”

“...இல்ல.”

“நானும் பாக்கல, சேலையை,” என்றாள் கோமதியம்மாள். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். முப்பது வருஷத் தாம்பத்தியத்தில் இப்படி ஒரு சமாதானம் அவர்களுக்கு அமைந்ததில்லை.

அப்புறம் லேப்டாப் கோமதியம்மாள் கைக்குப் போனது. சேலை பார்ப்பது போலவே சுவரையும் பார்த்தாள். “ரோஸ் காட்டு. ஊஹூம், எல்லாருக்கும் காய்ச்சல் வந்த மாதிரி இருக்கு. மஞ்சளா? மாப்பிள்ளைக்குக் காமாலை. வெள்ளை... ம். வெள்ளையே போடு. ஆனா கீழ ஒரு அரையடி, மேல ஒரு அரையடி கிளிப்பச்சை இருக்கட்டும். பாவம், ஆசைப்பட்டாக.”

ஜெபிதா போட்டாள். மேசையில் சந்தனம் சந்தனமாக நின்றது.

“உடல் வெள்ளை, கிளிப்பச்சை பார்டர்,” என்றான் தங்கப்பழம் தொழில் குரலில். “நல்லா எடுப்பா இருக்கும்மா. பிரிச்சுக் கட்டிரவா?”

* * *

மறுநாளே இரண்டு பெயின்டர்கள் வந்து வீட்டுக்குப் புதுச் சேலை உடுத்திவிட்டுப் போனார்கள். மாடலை மறுபடி ஓட்டிச் சரிபார்த்த ஜெபிதா, கைக்குட்டையோடு கடைக்குள் ஒரு நடை நடந்தாள். மூன்று மணிக்கும் வெள்ளை. நாலு மணிக்கும் வெள்ளை.

அண்ணாச்சி இன்னும் ஷீட்டுக்காரனுக்கு ‘வேண்டாம்’ என்று சொல்லவில்லை. “முதல்ல கோமதியம்மா வரட்டும். அவ வெளிய தூக்கிட்டுப் போகாம எடுத்தா நீ ஜெயிச்ச. ஒரு சேலை வாசலைத் தாண்டுச்சோ, ஷீட்டுதான்.”

வந்தாள். மகளோடும், மூன்று அத்தைமாரோடும் வந்தாள். உண்மையான பிஸ்தாவில் ஒரு பட்டை விரித்தான் தங்கப்பழம். கனகலட்சுமியின் முகம் மலர்ந்தது. கோமதியம்மாள் தடவினாள், திருப்பினாள், முந்தியை நெஞ்சில் போட்டுப் பார்த்தாள். பிறகு சேலையை அப்படியே அள்ளிக்கொண்டு, அத்தைமார் பின்தொடர, விடுவிடுவென்று ரோட்டுக்குப் போய்விட்டாள்.

அண்ணாச்சி ஜெபிதாவைப் பார்த்தார். ஜெபிதா தரையைப் பார்த்தாள். கை தானாகப் போனை எடுத்தது அண்ணாச்சிக்கு.

ஜெபிதாவால் பொறுக்க முடியவில்லை. ஓடினாள். “அம்மா, கலர் மாறுதாம்மா?”

“கலரா? கலரு அச்சா அதேதான் இருக்கு. உள்ளயே பாத்துட்டேனே.”

“அப்புறம் ஏம்மா வெளிய வந்தீங்க?”

கோமதியம்மாள் அவளை ஒரு குழந்தையைப் பார்ப்பது போலப் பார்த்தாள். குரலைத் தாழ்த்தினாள். “ஏ பிள்ளே, வெலை கூடுதலா, குறைச்சலா, இதை எடுக்கலாமா, இன்னொண்ணு பாக்கலாமான்னு நாங்க பேச வேண்டாமா? தங்கப்பழம் மூஞ்சிக்கு முன்னாடியா பேசமுடியும்? வெளிச்சம் பாக்கோம்னு சொல்லிட்டு வந்துதான் காலங்காலமா பேசுதோம். இது உனக்குத் தெரியாதா? நீயும் பொம்பளைதான?”

வாசல்வரை வந்து கேட்டுக்கொண்டிருந்த அண்ணாச்சியின் வாய் திறந்தபடியே நின்றது. முப்பது வருஷம்! முப்பது வருஷமாக வெளிச்சத்தோடு சண்டை போட்டிருக்கிறார். வயிறு குலுங்கச் சிரிக்க ஆரம்பித்தவர், சிரித்துக்கொண்டே போனைக் காதில் வைத்தார்.

“ஏலே தம்பி, ஷீட்டு வேண்டாம். ஏணியை மட்டும் வந்து எடுத்துக்கோ.” போனை மடியில் சொருகிவிட்டு உள்ளே திரும்பினார். “தங்கப்பழம், வாசல்ல அஞ்சு நாற்காலி போடுல. பேசுத பொம்பளைங்க நின்னுக்கிட்டா பேசுவாங்க?”

ஜெபிதா அங்கேயே, வந்த முதல் நாற்காலியில் உட்கார்ந்து, லேப்டாப்பைத் திறந்தாள்.

“இன்னும் என்ன மக்கா?”

“அஞ்சு பேரு உக்காருத இடத்துக்கு நிழல் வேண்டாமா அண்ணாச்சி? காலை வெயில் நேரா அடிக்கும். ஒரு கூரை போட்டுப் பாக்கேன்.”

“உள்ள வெளிச்சம் குறையாம?”

“குறையாம!”