கம்பஸ்தானே?

மேசையை இழுத்துக் கதவுக்கு முட்டுக்கொடுத்தாள் அன்ரனெற். மறுகணமே கதவின் கண்ணாடி வெடித்து அவள் தோளெல்லாம் சிதறியது.

“நிப்பாட்டாதை ஸ்டெபனி. ஏத்து.”

மணி மூன்று ஐம்பத்திரண்டு. ஸ்காபரோவின் இந்தக் கொலிஜில் ஸ்டெபனி இரண்டு வருடம் படித்த ஐந்து சயன்ஸ் பாடங்களின் விவரத்தாள்களும் கம்ப்யூட்டரில் ஏறி நான்கு மணிக்குள் யூனிவர்சிட்டிக்குப் போய்ச் சேரவேண்டும். சேர்ந்தால் நேரே மூன்றாம் வருடம். பிந்தினால் அந்த இடம் வேறு யாருக்கோ. தமிழ்ப் பிள்ளைகள், சோமாலியப் பிள்ளைகள் என்று ஒவ்வொருவராக இப்படிக் கரையேற்றிவிடுவதுதான் அன்ரனெற்றின் உத்தியோகம். கடைசி நிமிடப் பதற்றம் அவளுக்குப் பழகிப்போனது. இரும்போடு வரும் தகப்பன்தான் புதிது.

உடைந்த ஓட்டை வழியே ஸ்டெபனியின் தகப்பன் யேசுரட்ணத்தின் கை நுழைந்தது. அதில் கார்ச் சில்லுக் கழற்றும் இரும்பு. அது அவள் முழங்கையில் இறங்கியபோது எலும்பு முறிந்த சத்தம் அன்ரனெற்றுக்கே கேட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு மற்றக் கையால் மேசையைத் தள்ளிப்பிடித்தாள். செக்யூரிட்டிக்காரர் இந்தா வருகிறோம் என்று சொல்லி ஆறு நிமிடமாயிற்று.

மதியம் அஜக்ஸ் நகரிலுள்ள வீட்டுக்கு வந்த கடிதத்தை அவர் உடைத்துப் பார்த்துவிட்டார். மகள் யூனிவர்சிட்டிக்கு மாறப்போகிறாளாம். அப்படியானால் இரண்டு வருடமாக எங்கே போய்வந்தாள்? யாழ்ப்பாணத்தில் வளர்ந்தவருக்குக் கம்பஸ் என்றால் யூனிவர்சிட்டி மட்டும்தான். “மகள் கம்பஸ்” என்று சேர்ச் முழுக்கச் சொல்லித் திரிந்தவர். ரொறன்ரோவிலோ வெறும் டிப்ளோமா கொடுக்கும் இந்தக் கொலிஜ் கட்டடமும் கம்பஸ்தான். இங்கே பிறந்த அன்ரனெற்றுக்கு இந்த வித்தியாசமே, தகப்பன் போனில் கத்தியதை ஸ்டெபனி சற்றுமுன் சொன்னபோதுதான் விளங்கியது.

“நாலு ஏறிட்டுது மிஸ்.”

மேசை சறுக்கியது. உள்ளே பாய்ந்தவர் மகளின் தலைமயிரைப் பிடித்து நெற்றியைக் கம்ப்யூட்டர் மேசையில் மோதினார். கீபோர்டில் இரத்தம் சொட்டியது. அவள் விரல் மட்டும் தடவித்தடவிக் கடைசித் தாளை அனுப்பியது.

“நீ சேர்ந்த கிழமை நான் இங்கை போன் எடுத்துக் கேட்டனான்,” என்றார் யேசுரட்ணம். மூச்சு வாங்கியது. “கம்பஸ்தானே பிள்ளை எண்டு. ‘ஓம் அங்கிள், கம்பஸ்தான்’ எண்டு ஒருத்தி குழைஞ்சு சொன்னவள். ஆரடி அவள்? எந்தக் கூட்டாளியைப் பேச வைச்சனி?”

அவர் நடித்துக்காட்டிய அந்தக் குரலைக் கேட்டு அன்ரனெற் மேசையைப் பிடித்திருந்த கையை எடுத்தாள்.

“எனக்குத் தெரியாதப்பா.”

இரும்பு ஓங்கியது. திரையில் ‘கிடைத்தது, 3:59’ என்று பச்சை எழுத்து மின்னியது. முறிந்த கையோடு அன்ரனெற் இரும்புக்கும் பிள்ளையின் தலைக்கும் நடுவில் போய் நின்றாள்.

“அவளுக்குத் தெரியாது. அண்டைக்குப் போனிலை ஓம் எண்டது நான்தான், அங்கிள்.”