கேட்காமல் அழி

மோகன்குமார் இறந்த பதினேழாம் நாள் மைதிலி வேலைக்குத் திரும்பினாள்.

அவன் போர்வெல் போடும் ரிக் வண்டியோடு வடக்கே போகிறவன். சத்தீஸ்கரில் ஒரு காட்டில் குழாய் இறக்கிக்கொண்டிருக்கும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான், எழவில்லை. முப்பத்தெட்டு வயது. ஆம்புலன்ஸ் ராசிபுரம் வந்து சேர இரண்டு நாள் ஆனது. தெரு முனையில் வண்டி நின்றபோது, சந்துக்குள் திருப்ப முடியாது, ரிவர்ஸிலேயே வாருங்கள் என்று டிரைவருக்கு வழி சொன்னவள் மைதிலிதான். அதைத் தெருவே பார்த்தது. கல்லு மாதிரி நிற்கிறாளே என்று யாரோ சொன்னது அவள் காதிலும் விழுந்தது.

கல்யாணமாகிப் பத்து வருடத்தில் அவன் வீட்டில் இருந்தது வருடா வருடம் வடக்கே மழை பெய்யும் மூன்று மாதங்கள்தான். ரிக் கிளம்பிவிட்டால் மீதி மாதமெல்லாம் போனில்தான் குடித்தனம். அதனால் கருமாதி முடிந்து சொந்தபந்தம் கலைந்து, அவளும் மாமியாரும் மட்டும் மிஞ்சிய பிறகு, அவன் இல்லாத வீடு எப்போதும் இருக்கிற மாதிரியே இருந்தது. அவனுடைய பைக் கவர் போட்டபடி நின்றது. குளியலறையில் அவன் பிரஷ் இல்லை. ஊருக்குப் போகும்போது எப்போதும் எடுத்துக்கொண்டு போவதுதான். எந்த இடத்தில் அழத் தொடங்குவது என்று அவளுக்குத் தெரியவில்லை. சரியான தூக்கமும் இல்லை, பசியும் இல்லை.

அவள் வேலை செய்த நிறுவனம் சேலம் செவ்வாய்ப்பேட்டையில், ஒரு மளிகை மண்டியின் மாடியில் இருந்தது. பள்ளிகள், மில்கள், கோழிப்பண்ணை ஆபீஸ்கள் என்று நாமக்கல் வரைக்கும் கம்ப்யூட்டர் கொடுத்துப் பராமரிப்பது தொழில். கீழே மிளகாய் மூட்டை இறக்கினால் மாடியில் எல்லோருக்கும் தும்மல் வரும். முதலாளி முருகானந்தம் நல்ல மனிதர். இன்னும் ஒரு மாதம் லீவு எடுத்துக்கொள்ளச் சொன்னார். வேண்டாம் என்று சொல்லிவிட்டாள்.

அவளுடைய வேலை இன்ஸ்டால் இமேஜ் தயாரிப்பது. நூறு கம்ப்யூட்டருக்கும் தனித்தனியாக விண்டோஸ் போட்டு, பிரின்டர் சேர்த்து, தமிழ் கீபோர்டு சேர்த்துக்கொண்டிருந்தால் வருடம் ஓடிவிடும். ஒரு கம்ப்யூட்டரில் எல்லாவற்றையும் ஒழுங்காக அமைத்து, அதை அப்படியே ஒரே கோப்பாகச் சுருக்கி, பென் டிரைவில் வைத்துக் கொடுத்துவிடுவாள். சர்வீஸுக்குப் போகிறவர் அதைச் சொருகினால் அரை மணி நேரத்தில் கம்ப்யூட்டர் தயார். மாதாமாதம் அப்டேட் வந்ததும் பழைய இமேஜைத் திறந்து புதியவற்றைச் சேர்த்து மூடவேண்டும். நடுவில் இயந்திரம் கேட்கிற கேள்விகளுக்கு முன்கூட்டியே பதில் எழுதிய சின்னக் கோப்பு ஒன்றும் அதோடு போகும். என்ன மொழி, எந்த நாட்டு நேரம் என்பதற்கெல்லாம் அதில் பதில் இருக்கும். எந்த டிஸ்க்கில் எந்தப் பகுதியை அழிப்பது என்ற கேள்விக்கு மட்டும் பதில் எழுதமாட்டாள். அதை நேரில் நிற்கிற ஆள் பார்த்துத்தான் தேர்ந்தெடுக்கவேண்டும்.

ஆனால் தன் மேஜையில் சோதித்துப் பார்க்க அவளிடம் இன்னொரு கோப்பு இருந்தது. பத்துத் தடவை சோதிக்கும்போது பத்துத் தடவையும் உட்கார்ந்து பதில் சொல்ல முடியாது. அதனால் அதில் எழுதியிருந்தாள்: முதல் டிஸ்க், முழுவதும், கேட்காமல் அழி.

அந்த அக்டோபரில் விண்டோஸ் பத்துக்கு அப்டேட் நின்றுபோனது. எல்லோரையும் ஒரே நேரத்தில் பதினொன்றுக்கு மாற்றவேண்டியிருந்தது. மைதிலி காலையில் வந்து உட்கார்ந்தால், திரையில் ஓடும் சதவீதத்தைப் பார்த்துக்கொண்டே இருப்பாள். நாற்பது, நாற்பத்தொன்று. அது நூறு ஆகும். மறுபடி பூஜ்யத்திலிருந்து இன்னொன்று தொடங்கும். யாரும் அவளிடம் எப்படி இருக்கிறாய் என்று கேட்காத இடம் அது ஒன்றுதான். பன்னிரண்டு பென் டிரைவ் எழுதினாள். சரிபார்க்கும் தாளில் எல்லாக் கட்டத்திலும் டிக் அடித்துக் கையெழுத்துப் போட்டாள். போடும்போது கை தானாகப் போட்டது.

தீபாவளி கழிந்த வியாழக்கிழமை காலை பதினொரு மணிக்கு வேலுசாமி போன் செய்தார். பதினைந்து வருடமாக வெளியூர் சர்வீஸ் பார்க்கிறவர், பதறாத மனிதர். வெண்ணந்தூரில் வசந்தாமணி என்ற அம்மாவின் கம்ப்யூட்டருக்குப் போயிருந்தார். அந்த அம்மா பூவேலை நெய்கிற ஜக்கார்டு தறிக்குச் சேலை டிசைன் போடுகிறவர். எப்போதும் செய்வது போல டிசைன்களையெல்லாம் அதே டிஸ்க்கின் இன்னொரு பகுதியான டி டிரைவுக்கு மாற்றி வைத்துவிட்டு, பென் டிரைவைச் சொருகியிருக்கிறார். எந்தப் பகுதி என்று கேட்கும் என்று காத்திருந்திருக்கிறார். கேட்கவே இல்லை.

“டி டிரைவையே காணோமுங்க மைதிலி,” என்றார். “புது மிஷினாட்டம் சுத்தமா கெடக்குது.”

அவள் அந்த வரிசையில் மிஞ்சியிருந்த ஒரு பென் டிரைவைத் தன் கம்ப்யூட்டரில் சொருகி, பதில் கோப்பைத் திறந்தாள். முதல் டிஸ்க், முழுவதும். அடுத்த வேலையாக, மற்ற பென் டிரைவ் வைத்திருக்கிறவர்களுக்கெல்லாம் வரிசையாகப் போன் செய்து, சொருக வேண்டாம், திருப்பிக் கொண்டுவாருங்கள் என்றாள். நல்லவேளை, மற்றவர்கள் புதுக் கம்ப்யூட்டர்களுக்குத்தான் போட்டிருந்தார்கள். அழிந்தது வெண்ணந்தூர் டிஸ்க் ஒன்றுதான். அது எஸ்.எஸ்.டி.; போன வருடம் இவர்களே மாற்றிக் கொடுத்தது. அந்த வகை டிஸ்க் அழித்த இடத்தைத் தானே துடைத்துவிடும். சாயங்காலம் வரை வேலுசாமி கொண்டுவந்த டிஸ்க்கைத் துழாவிப் பார்த்தாள். ஒன்றும் கிடைக்கவில்லை.

முருகானந்தத்தின் அறைக்குப் போய் நடந்ததைச் சொன்னாள். இந்த நிலைமையில் அவளைத் திட்டவும் அவருக்கு மனம் வரவில்லை. டிஸ்க் தானாகப் போய்விட்டது என்று சொல்லிவிடலாம், எல்லா டிஸ்க்கும் ஒருநாள் போகிறதுதானே, தானே பேசிக்கொள்கிறேன் என்றார்.

மறுநாள் காலை சேலம் பஸ் ஏறாமல் வெண்ணந்தூர் பஸ் ஏறினாள். நேர்மை அது இது என்று பின்னால் வேலுசாமி பாராட்டியபோது அவளுக்குக் கூச்சமாக இருந்தது. உண்மையில் அப்படியெல்லாம் அவள் யோசிக்கவில்லை. ஒரு பொய்யைச் சொல்லி, அதை ஞாபகம் வைத்து, கேட்கும்போதெல்லாம் அதற்கேற்ற முகம் காட்ட ஒரு தெம்பு வேண்டும். அது அவளிடம் இல்லை.

வசந்தாமணிக்கு ஐம்பத்தாறு வயது. நாற்பது வயதில் கம்ப்யூட்டர் கற்றுக்கொண்டவர். முன்னறையில் ஒரு ஸ்கேனர், ஒரு கம்ப்யூட்டர், சுவரில் நூல் கலர் அட்டைகள். சுற்றுவட்டாரத்தில் அவர் டிசைன் ஓடாத தறிக்கூடம் குறைவு. டிசைன்களுக்கு எண் போடமாட்டார், பெயர்தான் வைப்பார்: கோவிச்சுக்கிட்ட மயில், ரெண்டாங்கல்யாண மாங்கா, மழைக்கு ஒதுங்குன அன்னம்.

மைதிலி நின்றபடியே சொன்னாள். டிஸ்க் கெட்டுப்போகவில்லை, தான் தவறான கோப்பை வைத்துவிட்டதால் அழிந்தது, திரும்ப எடுக்க முடியாது.

“எத்தன போச்சு?” என்றார் வசந்தாமணி.

“அல்லாமுங்க்கா.”

“பதினாறு வருசம்.”

“ஆமாங்க.”

வசந்தாமணி அவள் முகத்தையே பார்த்தார். பேக்கப் எடுத்து வைத்திருந்த இன்னொரு ஹார்டு டிஸ்க் போன கோடையில் கீழே விழுந்து உடைந்ததையும், புதியது வாங்கத் தள்ளிப்போட்டதையும் அவரே சொன்னார். பிறகு நிறுத்திவிட்டு, “ஏஞ்சாமி, இத்தனையும் சொல்றே, உன்ற மூஞ்சில ஒண்ணுமே இல்லையே. ஒரு வருத்தமாச்சும் காட்டக்கூடாதா?” என்றார்.

மைதிலி முயன்று பார்த்தாள். உதடு எந்தப் பக்கமும் போகவில்லை. தறிகளில் இன்னும் சில டிசைன்கள் இருக்குமே, ஞாயிற்றுக்கிழமை வருகிறேன், இரண்டு பேருமாகப் போய்ச் சேகரிக்கலாம் என்று மட்டும் சொன்னாள். வசந்தாமணி உள்ளே போய்விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை மைதிலி லேப்டாப்போடு போய் நின்றாள். வசந்தாமணி ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு வாசலில் தயாராக இருந்தார். ஏறு என்றுகூடச் சொல்லவில்லை, ஹெல்மெட்டை நீட்டினார்.

எலக்ட்ரானிக் ஜக்கார்டு ஒவ்வொன்றுக்கும் தலைமாட்டில் ஒரு பெட்டி உண்டு. டிசைனைப் பென் டிரைவில் கொண்டுவந்து அதில் சொருகித்தான் ஓட்டுவார்கள். சொருகியதை அங்கேயே விட்டுவிடுவதும் வழக்கம். கூடத்துக்குக் கூடம் போய், மேஜை இழுப்பறை, சாமிப்பட மாடம், நூல் கோன் பெட்டி என்று கிடந்த பென் டிரைவ்களையெல்லாம் வாங்கி மைதிலி நகலெடுத்தாள். தறி ஓடும் சத்தத்தில் பேச்சே தேவைப்படவில்லை. அவளுக்கு அது வசதியாக இருந்தது. கிடைத்தவை தறிக்கென்று மாற்றிய கோப்புகள். எந்த இழை எப்போது தூக்கவேண்டும் என்பது மட்டும் அதில் இருக்கும், வசந்தாமணி வரைந்த கலரும் கோடும் இருக்காது. ஆனாலும் அதை வைத்துத் திரும்ப வரைந்துகொள்ளலாம். முதல் நாள் அறுபத்துமூன்று கிடைத்தது. மழைக்கு ஒதுங்குன அன்னம் அதில் இருந்தது. வசந்தாமணி திரையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, கழுத்து கொஞ்சம் நீளமாகப் போட்டுவிட்டேன், திரும்பப் போடும்போது குறைக்கவேண்டும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

நான்காவது ஞாயிறு அத்தனூர்ப் பக்கம் ஒரு கூடத்துக்குப் போனார்கள். அதன் முதலாளி வேலுமணி, பென் டிரைவைக் கொடுத்துவிட்டு மைதிலியை உற்றுப் பார்த்தார். மோகன்குமார் போன ரிக்கில் அவருடைய மைத்துனர் பங்குதாரர். நீங்கள் மோகன்குமார் சம்சாரமா என்று கேட்டார். அவள் ஆமாம் என்றாள். அவர் கைகூப்பி, விஷயம் கேட்டு மனசு ஆறவில்லை, துக்கத்துக்கு வர முடியாமல் போயிற்று, இந்த வயதில் இப்படியா என்று சொல்லிக்கொண்டே போனார். மைதிலி நகலெடுக்கும் சதவீதத்தைப் பார்த்துக்கொண்டு தலையாட்டினாள்.

திரும்பி வரும்போது வசந்தாமணி ரோட்டோரம் ஸ்கூட்டரை நிறுத்தினார். இரண்டு பக்கமும் மரவள்ளிக்காடு. அவர் திரும்பிப் பார்க்காமலே பேசினார்.

“எப்போ?”

“செப்டம்பர்ல. கருமாதி முடிஞ்சு மூணு வாரத்துல உங்க டிஸ்க்குங்க்கா.”

“அன்னிக்கே என்றகிட்டச் சொல்லியிருக்கலாமல்ல?”

மைதிலி யோசித்தாள். “சொன்னா, அதனாலதான் தப்பு நடந்துச்சுன்னு ஆயிருமுங்க. அது அப்படி இல்ல. நான் பாக்கல, அவ்வளவுதானுங்க.”

வசந்தாமணிக்குக் கண் கலங்கியிருந்தது என்பது அவர் மூக்கை உறிஞ்சியதில் தெரிந்தது. மைதிலிக்குக் கலங்கவில்லை.

“எனக்குக் கோவம் இன்னும் போகல,” என்றார் அவர். “உனக்காகப் போயிருச்சுன்னு பொய் சொல்லமாட்டேன். அது வேற, இது வேற.”

“சரிங்க்கா.”

அந்தப் பதில் அவளுக்கு இதமாக இருந்தது. இரண்டு மாதமாக எல்லோரும் அவளிடம் மெல்ல, பஞ்சு வைத்துப் பேசுவது போலப் பேசினார்கள். இந்த அம்மா ஒருவர்தான் கோபப்பட்டார், அதை அவள் முகத்துக்கு நேராகவும் சொன்னார்.

மொத்தம் ஏழு ஞாயிறு அலைந்தார்கள். சுமார் இரண்டாயிரத்தில் நானூற்றுப் பன்னிரண்டு திரும்பக் கிடைத்தது. கோவிச்சுக்கிட்ட மயில் எங்கேயும் இல்லை. அதை ஓட்டிய ஆள் தறியை விற்றுவிட்டுத் திருப்பூர் போய்விட்டான். ஏழாவது ஞாயிறு சாயங்காலம் வசந்தாமணி இனிப் போதும் என்றார். போனதையே தேடிக்கொண்டிருந்தால் பொங்கலுக்குக் கேட்ட டிசைனை யார் போடுவது என்றார்.

இடையில் முருகானந்தத்துக்கு அவள் உண்மையைச் சொல்லிவிட்டது தெரிந்து இரண்டு நாள் அவளோடு பேசவில்லை. மூன்றாம் நாள் அவரே வெண்ணந்தூர் போய் மன்னிப்புக் கேட்டு, புதிதாக இரண்டு டிஸ்க் வைத்துக் கொடுத்துவிட்டு வந்தார். வசந்தாமணி அவரை உட்கார வைத்துக் காபி கொடுத்து, பராமரிப்பை வேறு ஆளுக்கு மாற்றப்போவதில்லை, ஆனால் இனிமேல் அந்தப் பெண்தான் வரவேண்டும் என்றாராம். மைதிலி சோதனைக் கோப்பைத் தனிக் கம்ப்யூட்டருக்கு மாற்றினாள். பென் டிரைவ் எழுதுகிற கம்ப்யூட்டரில் அது இருக்கவே கூடாது என்று வைத்துக்கொண்டாள். கையெழுத்துப் போடுமுன் வேலுசாமியும் ஒரு தடவை திறந்து பார்க்கவேண்டும் என்று விதி போட்டாள். டிசம்பர் இமேஜ் அப்படித்தான் வெளியே போனது.

அந்த இமேஜை வசந்தாமணியின் கம்ப்யூட்டருக்குப் போட ஒரு சனிக்கிழமை மதியம் போயிருந்தாள். எல்லாம் முக்கால் மணி நேரத்தில் முடிந்தது. வசந்தாமணி புது டிசைன் ஒன்றின் கரையை இரண்டு நிறத்தில் வைத்திருந்தார். எது நன்றாக இருக்கிறது என்று கேட்டார். மைதிலி இரண்டையும் பார்த்துவிட்டு, கத்தரிப்பூ நிறம் என்றாள். அவர் ஒப்புக்கொள்ளவில்லை. கொஞ்ச நேரம் அதைப் பற்றி வாதாடினார்கள். கடைசியில் வசந்தாமணி தன் இஷ்டப்படி பச்சையையே வைத்துக்கொண்டார்.

மூன்று மணி பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. ராசிபுரம் இருபது, இருபத்தைந்து நிமிடந்தான். டிக்கெட் வாங்கிப் பையில் வைத்தது அவளுக்கு ஞாபகம் இருக்கிறது. அதன்பிறகு கண்டக்டர் சீட்டைத் தட்டுகிற சத்தம். வெளியே நாமக்கல் பஸ் ஸ்டாண்டு. வெயிலில் மலைக்கோட்டைப் பாறை வெளுத்து நின்றது.

“ராசிபுரத்துல ரெண்டு தடவ சத்தம் போட்டனுங்க,” என்றார் கண்டக்டர். “நல்லாத் தூங்கிட்டிருந்தீங்க. எழுப்ப மனசு வரல.”

அவள் கன்னத்தில் ஜன்னல் கம்பியின் தடம் பதிந்திருந்தது. இறங்கி நின்றாள். பசித்தது. ஸ்டாண்டுக்குள்ளேயே ஒரு கடையில் இரண்டு பரோட்டா சொன்னாள், சாப்பிட்டாள், இன்னொன்று சொன்னாள். பிறகு மாமியாருக்குப் போன் செய்து, தூங்கிப்போய் நாமக்கல் வந்துவிட்டேன், வீட்டுக்கு வர ஒரு மணி நேரம் ஆகும் என்றாள். மறுமுனையில் அவர், வரும்போது தக்காளி வாங்கி வா என்றார்.