ஆட்டம் உள்ள நாட்கள்

மொன்றியல் அணி வென்றால் மகனோடு இன்னொரு கிழமை கதைக்கலாம். தோற்றால் அடுத்த ஜூன் வரை பேச்சில்லை. நவம்பர் பிறந்தபோது கிருபானந்தனின் நிலைமை இதுதான்.

மகன் வினோஜன் கல்கரியில் இருந்தான். நாலு வருடத்துக்கு முன் ஜொய்சியைக் கட்டப்போகிறேன் என்று அவன் சொன்னபோது, கிருபானந்தன் கேட்டது ஒரே ஒரு கேள்வி: "குறிப்பு இருக்கோ?" ஜொய்சியின் கிறிஸ்தவ வீட்டில் சாதகக் குறிப்பு எழுதும் வழக்கமில்லை என்று தெரிந்துதான் கேட்டார். கல்யாணம் கல்கரித் தேவாலயமொன்றில் நடந்தது. அவர் போகவில்லை, மனைவியையும் போகவிடவில்லை. அடுத்த வருடம் மனைவி இறந்தபோது வினோஜன் தனியாக வந்து கொள்ளி வைத்தான். எட்டாம் நாள் சடங்கான எட்டுச்செலவு முடிந்த மறுநாளே விமானம் ஏறிவிட்டான்.

அதற்குப் பிறகு மொன்றியலின் பியர்ஃபொன்ட்ஸ் பகுதியில் இருந்த அவர் வீட்டில் தொலைபேசி அடித்தால் யாரோ எதையோ விற்கிறார்கள் என்று அர்த்தம். இந்த ஜூனில் ஒரு நாள், எதிர்பாராமல், வினோஜனின் குரல் கேட்டது.

"அப்பா, மட்ச் பாத்தனீங்களோ?"

"ஓம், பாத்தனான்" என்றார் கிருபானந்தன். வாழ்க்கையில் ஒரு கனடிய ஃபுட்போல் ஆட்டத்தைக்கூட முழுதாகப் பார்த்ததில்லை. பந்தைப் பத்து யார் முன்னே கொண்டுபோக அமெரிக்காவில் நாலு முயற்சி, கனடாவில் மூன்றுதான் என்பதே அடுத்த கிழமை தொலைக்காட்சி பார்த்துத்தான் விளங்கியது. ஹெல்மெட்டுக்குள் முகம் தெரியாத அந்தப் பெரிய மனிதர்களை அவர் முதுகு எண்களால் அடையாளம் கண்டார். பந்தை எறிகிற டெவினை மட்டும் பெயரால் தெரியும். டெக்சாசில் பிறந்தவன், வினோஜனின் வயது.

ஒவ்வொரு ஆட்டமும் முடிந்ததும் வினோஜன் அவருக்குத் தொலைபேசி எடுப்பான். ஆட்டத்தைத் தவிர வேறு பேச்சில்லை. எல்லை எங்கே என்று இருவருக்கும் தெரியும். கோடு போட்ட மைதானம் மாதிரி. ஓகஸ்டில் டெவினின் முழங்கால் பிசகி, அணி தொடர்ந்து தோற்றபோது, கிருபானந்தன் சென்-லோரன் தொழிற்சாலையின் மதிய இடைவேளையில் சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்காமலே மூடினார். வேலைத்தள நண்பர்கள் சுகமில்லையோ என்று பிரெஞ்சில் விசாரித்தார்கள். முழங்கால் என்றார். அவர்கள் அவருடைய முழங்காலைப் பார்த்தார்கள்.

டெவின் திரும்பி வந்தான். அணி தட்டுத்தடுமாறி இறுதிச் சுற்றுகளுக்குள் நுழைந்தது. இனித் தோற்றால் அன்றோடு சரி. ஜொய்சியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்று ஒவ்வொரு அழைப்பிலும் நினைப்பார். அடுத்த கிழமையும் ஆட்டம் இருக்கிறதே என்று விட்டுவிடுவார்.

அரையிறுதிக்கு முன் கந்தசஷ்டி வந்தது. விரதத்தோடு கோயிலுக்குப் போனார். அர்ச்சனைச் சீட்டு எழுதும் மேசையில் பழைய நண்பர் சிவராசா இருந்தார்.

"அர்ச்சனை ஒண்டு. பேர் டெவின்."

"ஆரப்பா டெவின்? உன்ரை வீட்டிலை வாடகைக்கு இருக்கிறவனோ?"

"மட்ச் விளையாடுற பெடியன்."

சிவராசா மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "முருகனுக்கு இங்கத்தை விளையாட்டுச் சட்டம் தெரியுமோ? சரி, நட்சத்திரம் சொல்லு."

"அனுஷம்."

"அது உன்ரை மகன்ரையெல்லோ?"

"ரெண்டு பேருக்கும் ஒரே வயசுதான். போடும்."

ஐயர் முகத்தில் எந்த மாற்றமும் இல்லாமல், அனுஷ நட்சத்திரத்தில் பிறந்த டெவினுக்காக வேண்டினார். "மகனையும் சேர்த்துச் சொல்லுங்கோ, ஐயா, வினோஜன்" என்றார் கிருபானந்தன். ஐயர் சொல்லிவிட்டுத் திரும்பினார். "மருமகள்? பேர், நட்சத்திரம்?"

கிருபானந்தன் வாயைத் திறந்தார். பின்னால் வரிசை நின்றது. "அவ்வளவுதான் ஐயா" என்றார்.

அரையிறுதியில் அணி வென்றது. கடைசி நிமிடத்தில் டெவின் எறிந்த பந்தை ஒருவன் எல்லைக் கோட்டில் விழுந்து பிடித்தான். வினோஜன் தொலைபேசியிலேயே கத்தினான். அந்தச் சந்தோசத்தில் கிருபானந்தன் அர்ச்சனைக் கதையைச் சொல்ல, மகன் விழுந்து விழுந்து சிரித்தான். பின்னால் ஒரு பெண்ணும் சிரித்தாள். அந்தச் சிரிப்பு அவருக்குத் தைரியம் தந்தது.

"தம்பி, ஜொய்சி பிறந்த திகதி என்ன? நேரமும் தெரிஞ்சாச் சொல்லு."

மறுமுனையில் சிரிப்பு நின்றது.

"இன்னும் பொருத்தம் பாத்து முடியேல்லையோ, அப்பா?"

"இல்லையடா, நான் வந்து..."

இணைப்பு அறுந்தது. திரும்ப எடுக்க அவருக்குக் கை வரவில்லை. எடுப்பவன் எப்போதும் மகன்தான்.

இறுதி ஆட்டம் ஞாயிறு மாலை. வெளியே முதல் பனி தூவி, நிலத்தில் நிற்காமல் கரைந்துகொண்டிருந்தது. இடைவேளையில் தொலைபேசி அடிக்கவில்லை. அணி பின்தங்கி, சமன் செய்து, வென்றது. சிவப்பு, நீலக் காகிதத் துண்டுகள் மைதானமெங்கும் கொட்டின. கிருபானந்தன் எழுந்து நின்றார். சொல்ல யாருமில்லாததால் திரும்பக் கதிரையில் அமர்ந்தார். பயிற்சியாளரின் தலையில் குளிர்நீர் ஊற்றினார்கள். தொலைபேசி அடிக்கவில்லை. கடைசியில் தானே மகனின் எண்ணுக்கு எடுத்தார்.

"ஹலோ?" பெண் குரல். பிறகு, தயங்கி, "மாமாவோ?"

"ஓம்... ஓம் பிள்ளை."

"வினோ சினேகிதன் வீட்டை மட்ச் பாக்கப் போயிட்டார். போனை இஞ்சை வைச்சிட்டார். மறந்தவரோ, வேணுமெண்டு வைச்சவரோ தெரியேல்லை."

அவள் ஒளிக்காமல் சொன்னது அவருக்குப் பிடித்திருந்தது, வலிக்கவும் செய்தது.

"பிள்ளை, அண்டைக்கு நான் திகதி கேட்டது பொருத்தம் பாக்க இல்லை. கோயிலிலை ஐயர் உம்மடை நட்சத்திரம் கேட்டவர். எனக்குச் சொல்லத் தெரியேல்லை."



"எங்களுக்கு நட்சத்திரம் பாக்கிறேல்லை, மாமா."

"தெரியும்."

"பேரை மட்டும் சொல்லியிருக்கேலாதோ?"

கிருபானந்தனுக்கு இது தோன்றவே இல்லை. நட்சத்திரம் தெரியாதவர்களுக்கு வெறும் பெயரைச் சொல்லி ஐயர் அர்ச்சனை செய்வதை எத்தனையோ தடவை பக்கத்தில் நின்று கேட்டிருக்கிறார். டெக்சாஸ்காரனுக்குக் கடன் கொடுக்க அவரிடம் ஒரு நட்சத்திரம் இருந்தது.

"சொல்லியிருக்கலாம் பிள்ளை" என்றார். "நான்தான் சொல்லேல்லை."

அங்கே ஒரு பாத்திரத்தை அடுப்பிலிருந்து இறக்கும் ஓசை கேட்டது.

"சாப்பிட்டீங்களோ?" என்றாள்.

"இனித்தான்."

"வினோ வந்தா நீங்கள் எடுத்தனீங்கள் எண்டு சொல்லுறன். எடுப்பாரோ தெரியாது. நான் சொல்லுவன்."

"சரி பிள்ளை."

வைத்துவிட்டாள். தொலைக்காட்சியில் இன்னும் ஆர்ப்பாட்டம்; அழுதுகொண்டே சிரித்த டெவினின் கையில் கோப்பை இருந்தது. கிருபானந்தன் சத்தத்தைக் குறைத்தார், பிறகு முழுதாகவே நிறுத்தினார். தொலைபேசி அடித்தால் கேட்க வேண்டும்.