ஒற்றைக் காதுக்கு ஐந்து பெட்டிகள்

"ஒத்தக் காதுக்கு அஞ்சு பெட்டியா மாஸ்? கணக்கு இடிக்குதே!"

முஜியாத்தி அம்மையார் இவ்வாறு கேட்டபோது அவருடைய கையில் அகப்பை இருந்தது. வாயில் சிரிப்பு இருந்தது. அவர் "மாஸ்" என்று அழைக்கும் கணவர் கஸ்முரி, ஒலிபெருக்கிப் பெட்டிகள் வாங்கக் கிளம்புவதற்காகக் காலணியைத் தேடிக்கொண்டிருந்தார். கேள்வியில் பிழை ஒன்றும் இல்லை என்பதை அவரும் அறிவார். சுரபாயாவின் கப்பல் பட்டறையில் முப்பத்தோராண்டுகள் இயந்திரங்களுக்கு நடுவே நின்றதில் அவருடைய இடது காது முற்றிலும் போய்விட்டது. வலது காது நன்றாகவே வேலை செய்தது. ஆனால் ஒற்றைக் காதுக்குச் சத்தம் தெரியுமே தவிரத் திசை தெரியாது. அடுக்களையிலிருந்து மனைவி கூப்பிட்டால் அவர் வாசற்கதவைத் திறந்து தெருவைப் பார்ப்பார். தெருவில் போகிறவர்கள், தம்மைப் பார்க்கத்தான் வந்தார் என்று எண்ணி, ஸலாம் சொல்லிவிட்டுப் போவார்கள்.

"ஃபுட்பால் பாக்கத்தான் வாங்கறேன், டிக். மைதானத்துலயே உக்காந்த மாதிரி இருக்குமாம்" என்றார் கஸ்முரி. மனைவியை அவர் "டிக்" என்றே அழைப்பார்.

"மைதானத்துல உக்காந்தாலும் உங்களுக்குப் பாதி ஜனந்தானே கத்தும்? விலையிலயும் பாதியக் குறைக்கச் சொல்லுங்க."

கஸ்முரி சிரித்துக்கொண்டே மோட்டார் சைக்கிளைக் கிளப்பினார். காற்பந்து என்று சொன்னது பொய். அப்படியொரு பொய்யைச் சொல்ல நேர்ந்த காரணத்தையும் இங்கே சொல்லிவிடுவதே முறையாகும்.

முஜியாத்தி அம்மையாருக்குப் பேய்ப் படங்கள் என்றால் உயிர். மணமான நாளிலிருந்து சனிக்கிழமைதோறும் இருவரும் திரையரங்குக்குப் போவார்கள். அம்மையார் இரு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டு, விரலிடுக்கு வழியாக ஒரு காட்சி விடாமல் பார்ப்பார். கணவருக்குக் காது மந்தமான பிறகும் போனார்கள். "என்ன சொன்னான்? என்ன சொன்னான்?" என்று கஸ்முரி கேட்பார், அம்மையார் இருட்டில் குனிந்து காதோடு சொல்வார். முன்வரிசைத் தலைகள் திரும்பும். ஒருநாள் அரங்கமே மூச்சை அடக்கிக்கொண்டிருந்த ஒரு கட்டத்தில், "இப்ப செத்தது யாரு?" என்று கஸ்முரி உரக்கக் கேட்டுவிட்டார். கூட்டம் முழுவதும் சிரித்தது. அவரும் சேர்ந்து சிரித்தார். அம்மையார் மட்டும் சிரிக்கவில்லை.

அதற்கடுத்த சனிக்கிழமை அவர், "தியேட்டர் ஏசி எனக்கு ஒத்துக்கல மாஸ். உடம்புல காத்து ஏறிடுது" என்றார். ஒன்பதாண்டுகளாக அதையே சொல்லிவருகிறார். சுழலும் மின்விசிறிக்கு நேர் கீழே படுத்து, பனிக்கட்டி போட்ட தேநீர் குடிக்கும் ஒருவருக்கு, குளிர்சாதனம் மட்டும் ஒவ்வாமற்போவது எப்படி என்று கஸ்முரி ஒருபோதும் கேட்டதில்லை. கேட்டால் மனைவி உண்மையைச் சொல்லவேண்டி வரும். சொல்லாமல் இருப்பதற்காகத்தானே அவ்வளவு பாடுபட்டு ஒரு பொய்யைக் காப்பாற்றி வருகிறார்?

ஆகவே திரையரங்கையே வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுவது என்று கஸ்முரி முடிவு செய்தார். அக்கம்பக்கத்து வீடுகளின் தண்ணீர் பம்புகளைப் பழுதுபார்த்துச் சேர்த்த இருபது லட்சம் ரூப்பியா அவரிடம் இருந்தது. அதற்குமேல் ஒரு காசும் இல்லை. மனைவியைக் கடைக்கு அழைத்துப் போகவும் வழியில்லை. வந்தால், இருப்பதிலேயே சிறிய பெட்டியைக் காட்டி, "இது போதும், மிச்சத்துல அடுக்களைக் கூரைய மாத்துங்க" என்பார். எனவே நாற்புறமும் ஒலிக்கும் ஒரு கருவியை, எந்தப் புறம் ஒலிக்கிறது என்றே அறியாத ஒருவர், தனியாகத் தேர்ந்தெடுக்கப் புறப்பட்டார். தவறானதை வாங்கிவிட்டால் இன்னொன்று வாங்க மேலும் மூன்றாண்டுகள் பம்பு கழற்றவேண்டும்.

மின்சாதனச் சந்தையில், சந்தின் கடைசியில் இருந்தது கோ லியோங் என்பவரின் கடை. லியோங் பருத்த உடம்பும் சுறுசுறுப்பான நாக்கும் கொண்டவர். அவரை எல்லோரும் மரியாதையாக "கோ" என்பார்கள்; அவர் பெரியவர்களை "பாக்" என்பார்.

"வாங்க பாக், வாங்க! உங்க முகத்தப் பார்த்தாலே தெரியுது, நல்லதத் தேடி வந்திருக்கீங்க."

"இருபது லட்சந்தான் இருக்கு, கோ."

"அப்ப நல்லதுல கொஞ்சம் மலிவா தேடுவோம். உக்காருங்க."

நாற்காலியில் அமரவைத்து, அவரைச் சுற்றி ஐந்து கறுப்புப் பெட்டிகளை வைத்தார். அவற்றில் நீல விளக்குகள் ஓடின. போதாக்குறைக்கு ஊஃபர் என்ற பெரிய பெட்டி ஒன்றும் இருந்தது. அது முழங்கிய முழக்கத்தில் மேசைமேலிருந்த தேநீர்க் குவளைகள் இடம்பெயர்ந்தன. திரையில் ஒரு சரக்கு ரயில் எதிரே வந்து தலைக்குமேல் பறப்பதுபோலப் போய் மறைந்தது.

"பின்னால போச்சா பாக்? கேட்டுச்சா?"

"கேட்டுது, கேட்டுது" என்றார் கஸ்முரி மரியாதைக்காக.

"புதுசு. பத்தொன்பது லட்சம். பொண்டாட்டி கேட்டா இருபத்தஞ்சுன்னு சொல்லிக்குங்க, பெருமையா இருக்கும்."

கஸ்முரியின் கை பணப்பை வரைக்கும் போனது. அங்கேயே நின்றது. ரயில் கேட்டது உண்மை. ஆனால் அது முன்னால் போனதா, பின்னால் போனதா, பக்கத்துக் கடைக்குள் போனதா என்று அவருக்கு எப்படித் தெரியும்? தண்ணீருக்குள் கிடக்கும் எருமைக்கு விலை பேசுவதுபோல் அல்லவா இருக்கிறது! வீட்டில் மனைவி உட்கார்ந்து, பின்னாலிருந்து ஒன்றும் வராமல், கணவர் மனம் நோகக்கூடாதே என்று "நல்லா இருக்கு மாஸ்" என்று சொல்லிவிட்டால்? அப்படித்தான் சொல்வார். அதை நினைத்தபோதுதான் கஸ்முரிக்கு உண்மையில் வியர்த்தது.

பட்டறையில் அவர் இயந்திரங்களைக் காதால் மட்டும் பார்த்தவரல்லர். அத்தனை இரைச்சலில் எந்தக் காதும் உதவாது. பம்பின் உடம்பில் உள்ளங்கையை வைத்தால், உள்ளே எந்தப் பேரிங் தேய்ந்திருக்கிறது என்று கை சொல்லிவிடும்.

"கோ, முன்னால இருக்கற ஒரு பெட்டியையும் பின்னால இருக்கற ஒரு பெட்டியையும் எடுத்து, இப்படிப் பக்கத்துல வையுங்க. ரயில இன்னொரு தடவ விடுங்க."

"பக்கத்துல வெச்சா சுத்தி வர்ற சத்தம் எப்படி வரும் பாக்?"

"வைங்களேன்."

லியோங் வைத்தார். கஸ்முரி முன்பெட்டியின் முகத்துணிமேல் இடக்கையையும், பின்பெட்டியின்மேல் வலக்கையையும் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். ரயில் வந்தது. இரண்டு கைகளும் ஒன்றாக அதிர்ந்தன. ரயில் போனது. இரண்டு கைகளும் ஒன்றாக அடங்கின.

"கோ, இந்த ரயில் எங்கயும் போகல. ஒரே நேரத்துல ரெண்டு ஸ்டேஷன்லயும் நிக்குது."

லியோங் தலையைச் சொறிந்துகொண்டு சிரித்துவிட்டார்.

"சரி பாக், ஒத்துக்கறேன். பின்பெட்டிக்கும் முன்பெட்டிச் சத்தந்தான் போகுது. இந்த விலைக்கு அவ்வளவுதான் வரும். வர்றவங்கல்லாம் வெளக்கப் பாத்தே வாங்கிட்டுப் போயிடறாங்க. கையால கேக்கற ஆள இன்னிக்குத்தான் பாக்கறேன். காது என்னாச்சு?"

"இடது பக்கம் கப்பலோட போயிடுச்சு."

"அப்ப யாருக்கு இது?"

கஸ்முரி சற்றுத் தயங்கினார். முன்பின் அறியாதவரிடம் வீட்டுக் கதை பேசுவது அவருக்கு வழக்கமில்லை. ஆயினும் சொன்னார். "எம் மனைவிக்கு. பேய்ப் படம் பாக்க. எனக்குப் பெரிய சத்தம் வேணாம் கோ. மெல்லிசான சத்தம் பின்னாலேர்ந்து வரணும். குந்திலானக் பேயோட கதை தெரியுமில்ல? அழுகை பலமாக் கேட்டா அது தூரத்துல இருக்கு. மெல்லமாக் கேட்டாத்தான் முதுகுக்குப் பின்னால நிக்குது."

"பேரச் சொல்லாதீங்க பாக்!" லியோங் தம் கைமயிரைத் தடவிக்கொண்டார். "நானே சாயந்திரம் தனியாக் கடைய மூடணும்."

அதன்பின் அவர் கடையின் உட்புறம் போய், தூசிபடிந்த பழைய ஆம்ப்ளிஃபயர் ஒன்றையும், மரத்தாலான ஐந்து சிறிய ஒலிபெருக்கிகளையும் தூக்கிவந்தார். அவற்றுள் ஒன்றின் முகத்துணி வேறு நிறம். விளக்கு எதுவும் எரியவில்லை.

"ஒரு டாக்டர் வீட்டுலேர்ந்து வந்தது. பாக்க அழகில்ல. கைய வைங்க."

ரயில் இடக்கைக்குள் நுழைந்தது. உள்ளங்கை கடந்து, விரல்களை விட்டு இறங்கி, ஒரு கணம் எங்கும் இல்லாமல் போய், வலக்கைக்குள் ஏறியது. பிறகு கஸ்முரி வெறுங்கால் நடக்கும் காட்சி ஒன்றைப் போடச் சொன்னார். இடக்கையில் ஒன்றுமில்லை. வலக்கையில் மட்டும், உறங்குகிறவரின் நாடிபோல, மெல்ல, மிக மெல்ல ஒரு துடிப்பு நடந்துசென்றது.

"எவ்வளவு?"

"ஊஃபரோட இருபத்துநாலு."

"ஊஃபர் வேணாம். எனக்கும் பக்கத்து வீட்டுக்கும் ஒரே சுவரு. நான் முழக்குனா அவங்க வீட்டுப் புள்ள தொட்டில்லேர்ந்து விழும்."

"ஊஃபர் இல்லாம இருபத்தொன்னு."

"இருபதுதான் இருக்குன்னு வாசல்லயே சொன்னேன். ஒயரும் நீங்கதான் தரணும்."

"கைய வெச்சு என் வயித்தெரிச்சலயும் பாருங்க பாக், எவ்வளவு அதிருதுன்னு!" என்று புலம்பிக்கொண்டே லியோங் கம்பியை அளந்து வெட்டினார்.

மறுநாள் மதியத் தொழுகை முடிந்ததும் கஸ்முரி சன்னல் திரைகளை இழுத்து மூடினார். பேய்ப் படத்தை இரவில் பார்க்கும் துணிவு அந்த வீட்டில் எவருக்கும் இல்லை. கம்பிகள் பாய்க்கடியில் ஓடின. பின்பெட்டிகள் இரண்டும் துணி அலமாரியின் இருபுறமும் முக்காலிகள்மேல் அமர்ந்திருந்தன. ஐந்து பெட்டிகளுக்கும் நடுவான இடத்தை அவர் கயிறு பிடித்து அளந்து, அங்கே ஒரு பிரம்பு நாற்காலியைப் போட்டிருந்தார்.

"இதுல உக்காரு டிக்."

"எனக்கெதுக்கு? ஃபுட்பால் பாக்கறது நீங்கதானே?"

"இன்னிக்கு ஆட்டம் இல்ல. மழை."

"ரெண்டு நாளா ஒரு சொட்டு விழல. எந்த ஊருல மழை?"

"உக்காரேன்."

அம்மையார் உட்கார்ந்தார். கஸ்முரி அவருடைய இடப்பக்கத்தில், சற்று முன்தள்ளி, ஒரு சிறு முக்காலியில் அமர்ந்தார். அங்கிருந்து படம் கோணலாகத் தெரியும். மனைவியின் முகம் நேராகத் தெரியும். படத்தில் ஓர் இளம் மணப்பெண் விளக்கேந்தி நீண்ட கூடத்தில் நடந்தாள். அம்மையாரின் கைகள் தாமாகவே முகத்துக்குப் போயின, விரல்கள் விரிந்தன. கஸ்முரி அந்தக் கைகளைப் பார்த்து ஒன்பதாண்டுகள் ஆகியிருந்தன.

ஆனால் தலை அசையவில்லை. மணப்பெண் கூடத்தின் பாதியைக் கடந்துவிட்டாள். கம்பிகளை மாற்றிச் சொருகிவிட்டோமோ? கடையில் கைக்குத் தெரிந்தது வீட்டில் காதுக்குத் தெரியவில்லையோ? "நல்லா இருக்கு மாஸ்" என்ற அந்தச் சொற்கள் எந்தக் கணமும் வரலாம் என்று அவர் அஞ்சினார்.

அப்போது அம்மையாரின் தலை மெல்லத் திரும்பியது. திரையை நோக்கியல்ல; இடத் தோளுக்கு மேலாக, அலமாரியை நோக்கி. அங்கே எவரும் இல்லை. திரும்பிக்கொண்டார். மறுகணம் வலப்புறம் வெடுக்கென்று பார்த்தார். பிறகு மறுபடியும் இடப்புறம். கஸ்முரி அந்த முகத்தோடு கூடவே போனார். இதோ, அது அலமாரிக்குப் பின்னால் நடக்கிறது. இதோ, சன்னல் பக்கம் வந்துவிட்டது. ஒவ்வொரு காலடியும் எங்கே விழுகிறது என்று அவருக்கு இப்போது நன்றாகத் தெரிந்தது.

"ஐயோ!" என்று அலறி அம்மையார் கணவரின் தோளைப் பற்றினார். மற்றொரு கையால் ரிமோட்டைத் தேடியெடுத்துப் படத்தை நிறுத்தினார். "பாவி மனுஷா! வீட்டுக்குள்ளயே கொண்டாந்து விட்டுட்டீங்களே! இனி அந்த அலமாரியத் திறந்து எவ துணி எடுப்பா?"

"நான் எடுத்துத் தரேன்."

"ஆமா, ஏன் என் மூஞ்சியவே பாத்துட்டிருக்கீங்க? படம் அங்க இருக்கு."

"எனக்கு இங்கதான் நல்லாத் தெரியுது."

அம்மையார் அவரைப் பார்த்தார். பிரம்பு நாற்காலியையும், கோணலாகக் கிடந்த முக்காலியையும் பார்த்தார். நாற்காலியின் விளிம்புக்கு நகர்ந்து, அவருடைய வலது காதை நாடி, வீடு முழுவதும் கேட்கும்படி உரத்த குரலில் சொன்னார்:

"அந்த மாமியார்க்காரி என்ன சொன்னா தெரியுமா? மூணாவது அறையத் தொறக்காதேன்னா. இவ தொறக்கப் போறா, மண்டு. புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது. செத்தது யாரு?"

"இன்னும் யாரும் சாகல, அவசரப்படாதீங்க. கொஞ்சம் பின்னால ஓட்டறேன். அந்த நடை வர்ற இடத்த இன்னொரு தடவ பாக்கணும்."